வெளிநாட்டு மிஷனரிக்கு சபைப் பணம் அனுப்புவது எப்படி?

ஸ்தோத்திரம். கிருஷ்ணகிரி பக்கம் சின்ன சபை எங்களுடையது. தான்சானியாவில் ஊழியம் செய்யும் எங்கள் மிஷனரி குடும்பத்துக்கு மூன்று மாதமாகப் பணம் போகவில்லை. மாங்காய் சீசனில் தோட்ட வேலைக்குப் போன அக்காமார் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போட்ட காணிக்கை, டிரஸ்ட் கணக்கில் அப்படியே கிடக்கிறது. போன ஞாயிறு வீடியோ காலில் மிஷனரி அண்ணன் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய சின்னவன் மலேரியா காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். மனசே ஆறவில்லை.

இரண்டு வங்கியில் கேட்டாயிற்று. வெளிநாட்டுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் (Liberalised Remittance Scheme) திட்டம் தனிநபருக்குத்தான், டிரஸ்டுக்குக் கிடையாது என்கிறார்கள். பொருளாளர் பெயரில் அனுப்பலாமென்றால், சபைப் பணம் ஒருவர் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது என்கிறார் ஆடிட்டர். அதுவும் நியாயம்தான்.

டிரஸ்ட் கணக்கிலிருந்தே முறைப்படி அனுப்பிவரும் சபையார் யாராவது இருந்தால், எந்த வழியில் அனுப்புகிறீர்கள்?