போர்க் யார் என்று கேட்டு மாட்டிக்கொண்டேன்

கொலம்பஸ்வாசி:
அமெரிக்காவில் வலதுசாரி நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி என்று யாரிடமாவது கட்சிச் சண்டையைப் பற்றிப் பேசப்போய், எதிர்பாராத பதில் வாங்கிக்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். வசவு வேண்டாம், நடந்தது மட்டும். முதலில் என் கதை.

2009இல் ஓஹியோவுக்கு வந்த புதிது. கார் கிடையாது. வாரம் மூன்று நாள் டேட்டனுக்கு வேலையாகப் போக வேண்டும். கூட வருபவர் அறுபதை நெருங்கும் எஞ்சினியர், அவருடைய பிக்கப் டிரக்தான் வாகனம். மதியம் பன்னிரண்டு ஆனால் ஏஎம் ரேடியோவைத் திருகிவிடுவார். வலதுசாரி ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பா. மூன்று மணி வரை வேறு பேச்சே கிடையாது. மின்கம்பிகளுக்குக் கீழே போகும்போது கரகரவென்று குரல் மறையும். உடனே டேஷ்போர்டை உள்ளங்கையால் ஒரு தட்டு. போன் செய்கிறவர்கள் ஆளாளுக்கு 'டிட்டோஸ்' என்று ஆரம்பித்தார்கள். நம்மூர்க் கூட்டத்தில் 'வழிமொழிகிறேன்' என்பது போலத்தான் என்று பிடிபடவே ஒரு மாதம் ஆனது.

2010 மார்ச்சில் ஒரு ஞாயிறு இரவு ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டு மசோதா கீழவையில் 219க்கு 212 என்று நிறைவேறியது. ரிபப்ளிகன் ஓட்டு ஒன்றுகூட விழவில்லை. மறுநாள் டிரக்கில் நான் சும்மா இல்லாமல், "ஒருத்தர்கூடவா போட மாட்டீர்கள்? இது என்ன பிடிவாதம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ரேடியோ சத்தத்தைக் குறைத்தார், நான் பார்த்து அவர் குறைத்தது அந்த ஒரு நாள்தான். "போர்க்கைத் தெரியுமா?" என்றார். யார் அது என்றேன். அவ்வளவுதான், டேட்டன் வரை போர்க்.

1987இல் ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த நீதிபதி ராபர்ட் போர்க். அறிவிப்பு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, டெமாக்ரட் டெட் கென்னடி செனட்டில் எழுந்துவிட்டார். போர்க்கின் அமெரிக்காவில் பெண்கள் திருட்டுத்தனமாகக் கருக்கலைப்புக்குப் போக நேரும், கறுப்பினத்தவர் உணவகத்தில் தனியாக உட்கார நேரும் என்கிற ரீதியில் பேச்சு. ஒரு பத்திரிகை, அவர் வாடகைக்கு எடுத்த வீடியோ காசெட்டுகளின் பட்டியலைக்கூட வெளியிட்டது. (அதன் பிறகு அதைத் தடுக்கவே ஒரு சட்டம் வந்தது.) கடைசியில் செனட் ஓட்டெடுப்பில் 42–58 என்று தோற்றார். ஒருவரைத் திட்டமிட்டுத் தாக்கிப் பதவிக்கு வரவிடாமல் செய்வதற்கு 'போர்க்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

எனக்குச் சண்டை நான் விமானம் விட்டு இறங்கிய நாளில் ஆரம்பித்திருந்தது. அவருக்கு அப்போதே இருபத்து மூன்று வருஷப் பழைய கணக்கு.

டாலஸ் அண்ணாச்சி:
நான் ரிபப்ளிகனுக்கே ஓட்டுப் போடுகிறவன், ஒளிக்க ஒன்றுமில்லை. தம்பி, அந்தக் கணக்கில் 2013 நவம்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற நீதிபதி நியமனங்களுக்கு செனட்டில் 60 ஓட்டு என்றிருந்த தடையை டெமாக்ரட் தலைவர் ஹாரி ரீட் எடுத்துவிட்டார். சீக்கிரமே வருத்தப்படுவீர்கள் என்று எங்கள் செனட் தலைவர் மெக்கானல் அன்றே எச்சரித்தார். 2017இல் அதே கத்தியை எங்கள் ஆட்கள் உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டி, 54–45இல் கோர்சச்சை நீதிபதியாக உட்கார வைத்தார்கள்.

இதை ஒரு பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நின்றபடி நண்பரிடம் விளக்கினேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கார்லண்ட்." 2016இல் ஒபாமா உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, தேர்தல் வருஷம் என்று சொல்லி, ஒரு விசாரணைகூட வைக்காமல் 293 நாள் ஊறப்போட்டோம். 2020இல் தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கும்போது பாரெட்டை நீதிபதியாக ஏற்றினோம். 2016இல் செனட் ஒரு கட்சியிடம், வெள்ளை மாளிகை இன்னொரு கட்சியிடம். 2020இல் இரண்டும் எங்களிடம் என்று விளக்கம் சொன்னேன். சட்டப்படி சரிதான். ஆனாலும் சொல்லும்போது எனக்கே தொண்டையில் அடைத்தது. வடைமேல் பழி போட முடியாது, வடை நன்றாகத்தான் இருந்தது.

வர்ஜீனியா அக்கா:
நீதிபதிகளை விடுங்கள், எங்கள் வீட்டுச் சமையலறைக்கே வந்தது சண்டை. எல்லைச் சுவருக்குப் பணம் ஒதுக்குவதில் கட்சிகள் ஒத்துப்போகாமல் 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அரசாங்கம் மூடிக்கிடந்ததே, அப்போது என் வீட்டுக்காரருக்கு அரசு ஒப்பந்தத்தில் வேலை. ஜனவரி நடுவில் பனி கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், வாசலில் ரிபப்ளிகன் பலகை. எங்கள் நடைபாதையையும் சேர்த்து வாரிவிட்டு, "எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர். நாட்டு பட்ஜெட்டில் அது சில்லறை. டெமாக்ரட் தலைவி பெலோசி ஏன் இப்படி அடம் பிடிக்கிறார்?" என்றார். "சில்லறைதானே, நீங்கள் ஏன் அடம் பிடிக்கிறீர்கள்?" என்றேன்.

மண்வாரியை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "தொண்ணூறுகளில் எங்கள் சபாநாயகர் கிங்ரிச் காலத்தில் மூடினோம், பழி எங்கள் தலையில் விழுந்தது. 2013இல் எங்கள் கட்சி செனட்டர் டெட் க்ரூஸ் பேச்சைக் கேட்டு 16 நாள், அதுவும் எங்கள் தலையில்தான். இது மூன்றாவது" என்றார். அன்று சாயங்காலம் ஒரு பானை சில்லி வந்தது. மாட்டிறைச்சி போடாமல், வெறும் பீன்ஸ். அரசு ஊழியர்களுக்கு நின்ற சம்பளம் பிற்பாடு வந்தது. எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை.

ஜெர்சி சிட்டி:
என்னுடையது சின்னது. 2023 ஜனவரியில் ரிபப்ளிகன் மெக்கார்த்தி கீழவைச் சபாநாயகர் ஆக 15 சுற்று ஓட்டெடுப்பு நடந்ததே, அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவு நெருங்கும் நேரம், ஒரு உறுப்பினர் மெக்கார்த்தியை எதிர்த்த கேட்ஸை நோக்கிப் பாய, இன்னொருவர் அவரைப் பிடித்து இழுக்கிறார். என் பையன் கேட்டான்: "அப்பா, இதுல டெமாக்ரட் யாரு?" ஒருத்தரும் இல்லை என்றேன். நம்பவில்லை.

கொலம்பஸ்வாசி:
அண்ணாச்சி கார்லண்ட் பெயரை எடுத்ததால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 17, லிம்பா இறந்த செய்தி வந்த நாள். ஓய்வு பெற்றுவிட்ட அந்த டிரக் பெரியவருக்குப் போன் செய்தேன். வழக்கம்போல மதியம் ரேடியோவைத் திருகியிருக்கிறார். லிம்பாவின் மனைவி குரல் கேட்டதும் ஏதோ விருந்தாளி என்று நினைத்தாராம்.

பேச்சை மாற்ற, கார்லண்டை பைடன் அட்டர்னி ஜெனரல் ஆக்கப்போகிறாரே என்றேன்.

"ஆக்கட்டும், நல்ல நீதிபதி" என்றார்.

"அப்படியானால் 2016இல்..." என்று ஆரம்பித்தேன்.

"1987" என்றார்.

லைன் கரகரத்தது. மறுமுனையில் எதையோ உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் கேட்டது.