முதல் ஐபிஎஸ்சி போட்டி: வேகமா, குறியா?

தெம்பனிஸ் வாசி: அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் துப்பாக்கி சுடும் மன்றமொன்றில் பயின்றுவரும் நான், அடுத்த மாதம் முதன்முறையாக ஐபிஎஸ்சி (வேகம், குறி இரண்டையும் சேர்த்து மதிப்பிடும் துப்பாக்கி சுடும் விளையாட்டு) போட்டியில் கலந்துகொள்கிறேன். டைமரின் ஒலி கேட்டதுமே என் விரல் அவசரப்படுகிறது. எதற்கு முதலிடம் தருவது?

ஈசூன் அக்கா: தம்பி, பெற்ற புள்ளிகளை நேரத்தால் வகுத்து வரும் மதிப்பெண்ணே ஹிட் ஃபேக்டர் என்பதால் இரண்டுமே வேண்டும். ஆயினும் மைனர் (ஆற்றல் குறைந்த தோட்டாக்களுக்கான) கணக்கில் இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதிக்கு 5, அதைச் சுற்றிய சி பகுதிக்கு 3, வெளி ஓர டி பகுதிக்கு 1 புள்ளிதான். இலக்கைத் தவறவிட்டால் 10 கழியும். முதலில் குறியைப் பாருங்கள்.

பிடோக் அண்ணன்: இடம் மாறும்போதும் மேகசினை (தோட்டாக்கள் நிரப்பிய கூட்டை) மாற்றும்போதும் விரல் டிரிக்கர் கார்டுக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு) வெளியே நீண்டிருக்க வேண்டும். என் முதல் போட்டியில் மேகசினைக் குனிந்து பார்த்தபோது துப்பாக்கிக் குழல் அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புக் கோணத்தைத் தாண்டிவிட்டதால், இரண்டாம் கட்டத்திலேயே நான் வெளியேற்றப்பட்டேன். அது நியாயமான தீர்ப்பு.

தெம்பனிஸ் வாசி: மிக்க நன்றி. இன்றிரவே தோட்டா இல்லாத வெறும் மேகசினுடன், குழலைத் திருப்பாமல் மாற்றிப் பழக மன்றத்துக்குச் செல்கிறேன்.