ஹாலோவீனுக்கு மகனை விடலாமா? உங்கட வீட்டில் எப்பிடி?

அக்காமார், அண்ணாமார் எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில், டொரோண்டோ ஸ்கார்பரோவில் இருக்கிறம். பிள்ளையள் வேசம் போட்டு வீடு வீடாய்ப் போய் மிட்டாய் வாங்கிற ஹாலோவீன், அக்டோபர் 31, கிட்டுது, வீட்டில் இப்பவே வாக்குவாதம்.

மகனுக்கு 13 வயசு, என்னைவிட உயரம். போன வருசம் தங்கச்சியோட போனவன். ஒரு வீட்டில், மிட்டாய் வாங்கக் கொண்டுபோன அவளின்ர தலையணை உறைக்குள்ள சாக்லேட்டைப் போட்டிட்டு, இவனிட்ட "நீ பெரிய ஆள், உனக்கில்லை" எண்டு கதவைச் சாத்திட்டினம். நீட்டின உறையைச் சுருட்டிக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு வந்தான். பிறகு ஒரு வீட்டுப் படியும் ஏறேல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறேல்லை.

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பாதர்ஸ்ட் எண்ட ஊரில் 14 வயசுக்கு மேல போகக்கூடாது எண்டு நகரசபைச் சட்டமே இருந்தது. 2017இல்தான் அதை 16 ஆக்கினவை. இங்க டொரோண்டோவில் அப்பிடிச் சட்டம் இல்லை, ஆக்களின்ர முகம்தான் சட்டம்.

அம்மா இன்னொரு பக்கம். "வீடு வீடாய்க் கையேந்துறது எங்கட பழக்கமோ?" எண்டு கேக்கிறா. வாசல் லைட் எரிஞ்சால்தான் பிள்ளையள் போறவை, அணைச்சிருந்தால் தட்டமாட்டினம், குடுக்கிறவை வாங்கி வைச்சுக் காத்திருக்கினம் எண்டு சொல்லிப் பார்த்தன். ஏற்கிறாவில்லை.

பதின்ம வயசுப் பிள்ளையள் உள்ளவை சொல்லுங்கோ: எத்தனை வயசு மட்டும் விட்டனீங்கள்? அம்மம்மா, அப்பம்மாவுக்கு எப்பிடி விளங்கப்படுத்தினீங்கள்? இந்தமுறை "தங்கச்சிக்குத் துணையாய்ப் போ, நீ வாங்காதை" எண்டு அவனிட்ட சொல்லலாமா, அது அவனை இன்னும் நோகடிக்குமா?