ஈரக் காட்டில் தீ மூட்ட: லைட்டரா, ஃபெரோ ராடா?

ஈசூன்_நடையர்
சிங்கப்பூரிலிருந்து ஆறு பேர் குனோங் லேடாங் மலை ஏறப் போகிறோம். மலேசியாவின் ஜோகூர் பக்கம், 1,276 மீட்டர் உயரம். பாதை தவறி இரவு தங்க நேர்ந்தால் தீ மூட்ட அவசரப் பையில் எதை வைப்பது? குழுவில் ஒருவர் மாமா கடை லைட்டர் ஒன்று போதும் என்கிறார். இன்னொருவர் ஃபெரோ ராட் (உரசினால் பொறி பறக்கும் உலோகக் கட்டை) இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். காரணத்தோடு சொல்லுங்கள்.

ராட்_கட்சி
ராட்தான். ஏறக்குறைய 3,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் பொறி பறக்கும். ஆற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டு அப்படியே உரசலாம். காஸ் தீர்ந்துபோகும் பேச்சே இல்லை. வாங்கும்போது 8 மி.மீ.க்குக் குறையாத தடிமனாகப் பாருங்கள், மெல்லியது பிடி சேரும் இடத்தில் முறிந்துவிடும். புது ராடின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பொறியே வரவில்லை என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் அந்தப் பூச்சைத்தான் உரசிக்கொண்டிருப்பார்கள். கத்தி என்றால் வெட்டும் பக்கம் வேண்டாம், கூரான விளிம்புள்ள முதுகுப் பக்கம்.

லைட்டர்_லா
அண்ணே, லைட்டர் சக்கரத்துக்கு அடியில இருக்கிற கல்லும் அதே ஃபெரோசீரியம்தான். கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903-ல காப்புரிமை வாங்கிய கலவை. நீங்க கட்டையா வச்சிருக்கிறதை நான் கடுகளவுல வச்சிருக்கேன், கூடவே காஸும் இருக்கு. காஸ் தீர்ந்தாலும் சக்கரம் பொறி தரும், வாசலின் பஞ்சு பிடிக்க அது போதும்.

வழி தவறின ஆளுக்குக் கை நடுங்கும். ஒரு கையில அடிபட்டிருக்கலாம். ராடுக்கு ரெண்டு கை வேணும், லைட்டருக்கு ஒரு கட்டைவிரல். லைட்டர்ல இருக்கிற காஸ் பியூட்டேன், அது குளிர்ல படுத்துக்கும்னு சொல்வாங்க. அதோட கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, லேடாங்ல அந்தக் கவலை எதுக்கு லா?

ராட்_கட்சி
குளிரை விடுங்கள், ஈரத்துக்கு வாருங்கள். சக்கரம் நனைந்தால் பொறி வராது. பையில் மற்ற சாமான் விசையை அழுத்தினால் காஸ் சத்தமில்லாமல் போய்விடும். ஈரக் காற்றில் பல மாதம் கிடந்தால் உள்ளே இருக்கும் கல் பொடிந்து சக்கரத்தில் பசைபோல அப்பிக்கொள்ளும். ‘ஜெட்’ லைட்டர் இன்னும் மோசம். அதில் கல்லே கிடையாது, மின்பொறி விழும் முனையில் ஈரம் ஏறினால் கதை முடிந்தது.

லைட்டர்_லா
ஜெட் லைட்டரை நானும் சேர்க்க மாட்டேன். சாதா சக்கர லைட்டர், உள்ளே காஸ் தெரியிற மாதிரி பிளாஸ்டிக் உடல். விசைக்கு அடியில ஒரு சின்ன கேபிள் டை போட்டா அழுத்தவே முடியாது. அப்புறம் ஸிப் பையில போட்டுக் காத்தை வெளியேத்தி மூடணும். நனைஞ்சா நல்லா உதறி, ஊதி, சக்கரத்தைக் காஞ்ச துணியில பலதடவை உருட்டினா உயிர் வந்துடும். கார்ல மட்டும் வைக்காதீங்க. 50 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு லைட்டர்லயே போட்டிருக்கும், வெயில்ல நிக்கிற கார் டாஷ்போர்டு அதைத் தாண்டிடும்.

உங்க ராடும் சாகாவரம் வாங்கி வரலை. மெக்னீசியம் கலந்தது, கடற்காத்து பட்டா வெள்ளையாப் பூத்துப் பொரிஞ்சு போகும். புலாவ் உபின் தீவுக்குப் போறவங்க ராடுக்கு நகப்பூச்சாவது வாசலினாவது தடவி வைக்கணும்.

தேக்கா_வாடிக்கை
பொறி எங்கிருந்து வருகிறது என்பதிலேயே நிற்கிறீர்கள். அது எதில் விழப்போகிறது? ஆண்டுக்கு 2,100 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊர் இது, ஜோகூர்க் காடும் அப்படித்தான். தரையில் கிடக்கும் சருகும் சுள்ளியும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கிடக்கும். நம் வீட்டிலேயே இருக்கிறது கற்பூரம். ஒரு வில்லை போதும், ஈரச் சுள்ளியையும் வழிக்குக் கொண்டுவரும்.

லைட்டர்_லா
இதுக்கு என் ஓட்டு. லைட்டரும் கற்பூரமும்.

ராட்_கட்சி
அவசரப்படாதீர்கள். கற்பூரம் திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும் பொருள். திடநிலையிலிருந்து நேரே ஆவியாகும். ஸிப் பையில் போட்டு ஓராண்டு மறந்தால் வாசனை மட்டும் மிஞ்சும். அந்த ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கவும் செய்யும், செல்லுலாய்டுக்கு அதைச் சேர்த்ததே அதற்காகத்தான். வைப்பதென்றால் ஒவ்வொரு வில்லையையும் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, மூடி திருகும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டிக் கற்பூரத்தில் நேரடியாகப் பொறி விட்டுப் பிடிக்கவைப்பது திண்டாட்டம். முதலில் பஞ்சு, அந்தச் சுடரில் கற்பூரம்.

பொங்கோல்_அப்பா
பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் குப்பியைக் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும், சிறு பிள்ளைக்குக் கொஞ்சம் போனாலே ஆபத்து.

என் கேள்வி வேறு. தீ எதற்கு? இந்தக் காட்டில் இரவில் விறைத்துச் சாகும் குளிர் கிடையாது. நனைந்த உடம்பில் காற்று அடித்தால்தான் தொல்லை. அதற்கு மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு, வெள்ளித்தாள் போர்வை. ஆள் கண்ணில் படத் தலைவிளக்கும் விசிலும். தீ மூட்டுகிறேன் என்று ஒரு மணி நேரம் மழையில் குந்தியிருப்பவர் இன்னும் நனைவார். வீட்டில் தயாராக வைக்கும் அவசரப் பைக்கு லைட்டரே தேவையில்லை. மின்சாரம் போனால் டார்ச் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் தூங்கிப்போவது இருட்டைவிடப் பெரிய ஆபத்து.

தேக்கா_வாடிக்கை
வீட்டுப் பைக்கு ஒப்புக்கொள்கிறேன். காட்டில் ஒப்புக்கொள்ள முடியாது. தண்ணீர் தீர்ந்தால் ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். பகலில் பச்சை இலையைப் போட்டு எழுப்பும் புகை, விசில் எட்டாத தூரத்திலும் தெரியும். கொசுவைச் சொல்லவே வேண்டாம்.

ராட்_கட்சி
பஞ்சு தயாரிப்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

நூறு சதவீதப் பருத்திப் பஞ்சு உருண்டை. பாலியஸ்டர் கலந்தது உருகிச் சுருளும், பிடிக்காது. ஓர் உருண்டைக்கு அரை டீஸ்பூன் வாசலின். வெளிப்பக்கம் மட்டும் தேய்த்து உள்ளே காய்ந்த பஞ்சை விட்டுவையுங்கள். முழுக்க ஊறினால் பொறி அதில் விழுந்து அணைந்துவிடும். பயன்படுத்தும்போது பிய்த்து, உள்நார் சிலந்திவலை மாதிரி மெலிதாகத் தெரியும்வரை விரியுங்கள். சுரண்டியை அதன் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு ராடைப் பின்னால் இழுக்க வேண்டும். சுரண்டியை முன்னால் தள்ளினால் கை பஞ்சில் மோதி எல்லாம் கலையும். ஓர் உருண்டை மூன்று முதல் ஐந்து நிமிடம் எரியும். வாசலின் வெயிலில் இளகிக் கசியும், ஆகவே திருகு மூடி டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

கசியக்கூடாது என்றால் மெழுகு. முகம் துடைக்கும் வட்டப் பஞ்சை உருகிய மெழுகில் முக்கி, ஓரத்தில் கால்வாசியைக் காய்ந்தபடி விட்டு உலர்த்துங்கள். பற்றவைக்குமுன் காய்ந்த பக்கமாகக் கிழிக்க வேண்டும். மெழுகு உருக்கும் பாத்திரத்தை அடுப்பில் நேரே வைக்காதீர்கள். கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தப்பித்தவறி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள்.

லைட்டர்_லா
அரை டீஸ்பூன், கால்வாசி, பின்னால இழு… லைட்டர் இருந்தா இதுல பாதி வேண்டாம். முழுக்க ஊறின பஞ்சும் சுடர்ல பிடிச்சுக்கும். சைக்கிள் ட்யூபை விரல் நீளத்துக்கு வெட்டி வச்சா நனைஞ்சாலும் எரியும். கறுப்புப் புகை நாறும், சோத்துப் பானைக்கு அடியில மட்டும் வேண்டாம்.

தேக்கா_வாடிக்கை
குங்கிலியத்தையும் சேருங்கள். சாம்பிராணியோடு சிங்கப்பூர்த் தேக்கா கடைகளில் கிடைக்கும். மலாய்க்காரர்கள் தாமார் என்று பந்தம் செய்தது இந்த வகைப் பிசினில்தான். பொடித்துத் தேங்காய் நாரில் புரட்டினால் நின்று எரியும். நாரை முதலில் வெயிலில் காயவைத்துச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

ஈசூன்_நடையர்
லைட்டர் இரண்டு, ராட் ஒன்று, வாசலின் பஞ்சு பத்து, கற்பூரம் ஒரு குப்பி. சுள்ளிக்கு என்ன செய்வது?

ராட்_கட்சி
தரையில் பொறுக்காதீர்கள். மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளை, அல்லது பட்ட மூங்கில். மேல்தோலைச் சீவிவிட்டு உள்பகுதியைப் பிளந்தால் காய்ந்திருக்கும். தீக்குச்சித் தடிமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் தடிமனில் அதைப்போல் இரண்டு மடங்கு. எல்லாம் கையில் சேரும்வரை பஞ்சைத் தொடவே கூடாது. ஈரத் தரையில் நேரே மூட்டாமல் மணிக்கட்டுப் பருமன் கட்டைகளை வரிசையாக அடுக்கி அதன் மேல் மூட்டுங்கள். கூடாரத்துக்குள் எதுவும் வேண்டாம். நேஷனல் சர்வீஸில் (கட்டாய ராணுவச் சேவை) பார்த்த ஹெக்ஸமின் எரிபொருள் வில்லையும் அப்படித்தான், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

பொங்கோல்_அப்பா
போகுமுன் ஒரு தடவை மூட்டிப் பாருங்கள், ஆனால் பூங்காவில் கண்ட இடத்தில் வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பார்பெக்யூ குழி முன்பதிவு செய்து அங்கே. லேடாங்கில் தீ மூட்ட அனுமதி உண்டா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ஒன்று மறந்துவிட்டேன்: கைத்துப்பாக்கி வடிவ லைட்டரை ஜோகூரில் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடை.

லைட்டர்_லா
பஸ்ல போறீங்க, சரி. அடுத்து கினபாலு மலைன்னு விமானம் ஏறினா ஆளுக்கு ஒரு லைட்டர், அதுவும் உடம்போட. செக்-இன் பெட்டியில கூடாது. ஹெக்ஸமின் வில்லை எதுலயும் கூடாது. ராடை விடுவாங்களான்னு விமான நிறுவனத்துக்கிட்ட முன்னாடியே கேட்டுக்கணும். என் லைட்டருக்கு அந்தக் கேள்வி கிடையாது, அண்ணே.

ராட்_கட்சி
விமானம் இறங்கிய ஊரில் ஒரு வெள்ளிக்கு உங்கள் லைட்டரே கிடைக்கும், தம்பி. அதைத் தூக்கிக்கொண்டு ஏன் ஏறுகிறீர்கள்?