திருநின்றவூரில் மனை: எங்கள் குடும்பக் குழுவில்

நான்: திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கிறதாம். புரோக்கர் அட்வான்ஸ் கேட்கிறார். அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சித்தி: ரொம்ப சந்தோஷம்மா! பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது, பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பிட்ட இருதயாலீசுவரர் இருக்கிறார். உன் சித்தப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்றதும் நான் ஓடியது அங்கேதான்.

அண்ணன்: வாங்கிவிடு. சென்ட்ரலுக்கு நேர் ரயில். நெமிலிச்சேரி போனால் வண்டலூர், மீஞ்சூர் இரண்டு பக்கமும் அவுட்டர் ரிங் ரோடு. ஆவடியில் இந்த விலைக்கு அரை கிரவுண்டுகூட வராது.

பெரியப்பா: பொறுங்கள். ஏரிக்கு எந்தப் பக்கம்? கரைக்கு வெளியே வயலாக இருந்த பக்கமா, கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் உள்வாயா?

நான்: தெரியவில்லை பெரியப்பா. மண் கொட்டி மேடாக்கிக் கல் நட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: மண் கொட்டியிருக்கிறார்கள் என்றால் அது பள்ளம். அப்ரூவல் நகலில் மனை எண் இருக்கிறதா பார். பட்டாவோடு நிற்காதே. சர்வே எண்ணை வைத்து, நிலத்தின் வகை சொல்லும் அ-பதிவேடும், நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும் எடு. நஞ்சையா, புறம்போக்கா, வாய்க்கால் எங்கே போகிறது எல்லாம் அதில் வந்துவிடும். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடு.

சித்தி: அவர் சொல்வது சரிதான். 2021 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, கழிவறை வழியாகப் பொங்கி வந்தது. ஃப்ரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றினோம். மோட்டார் போய்விட்டது. வடிந்த பிறகும் சுவரில் அந்தக் கோடு போகவே இல்லை.

அண்ணன்: ஏரியைக் கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது போல.

பெரியப்பா: ஏரிமேல் பழி போடாதேப்பா. கோடையிலும் நம் போர்வெல்லில் தண்ணீர் நிற்பது அதனால்தான். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழியும். முன்பு அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வயலில் பரவும். வயலைத் தெருவாக்கி, வாய்க்காலைக் குறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? கரைமேல் ஏரி காத்த ராமருக்குக் கோயில் வைத்திருக்கும் ஊர் இது. காப்பாற்ற வேண்டியது நாமும்தான்.

நான்: சர்வே எண் கிடைத்துவிட்டது. உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன் பெரியப்பா.

பெரியப்பா: பார்த்துவிட்டேன்மா. புலப்படத்தில் வாய்க்கால் மனையின் வடக்கு ஓரமாக, உள்ளேயே போகிறது. அங்கே போய்ப் பார்த்தால் இப்போது மண்தான் இருக்கிறது. வேண்டாம்.

நான்: என் வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆசை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா: அவசரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று பெய்துவிடட்டும். மழை பெய்த மறுநாள் என்னோடு வந்து தெருத்தெருவாக நடந்து பார். தண்ணீர் நிற்காத தெரு எது என்று நான் காட்டுகிறேன்.

சித்தி: சாப்பாடு நம் வீட்டில். அவரையும் கூட்டிக்கொண்டு வா.