குடும்ப இணைப்புப் பத்திரம்: பதிந்தால் என்ன கிடைக்கும்?

வேப்பமரம்:
2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின இணையர் தங்கள் உறவைக் குடும்ப இணைப்புப் பத்திரமாக (சேர்ந்து வாழ இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமாக)ப் பதிய வழி செய்ய முடியுமா என்று பாருங்கள் எனத் தமிழக அரசிடம் சொன்னார். எனக்கு அது வேண்டும்.

வடகரை:
திருமண உரிமை கிடையாது என்று ஒரு மாதம் முன்புதான் தன்பாலினத் திருமணம் கேட்டுத் தொடுத்த சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சிவில் இணைவு (திருமணம் என்ற பெயரில்லாமல் சட்டம் ஏற்கும் இணைவு) உரிமையையும் ஐந்தில் மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். அப்புறம் ஒரு மாநிலம் பின்வாசல் திறக்கலாமா? சட்டம் போடுவது நாடாளுமன்றத்தின் வேலை.

வேப்பமரம்:
சேர்ந்து வாழும் உரிமையை அந்தத் தீர்ப்பு பறிக்கவில்லை, வடகரை. 2025 மே மாதம், தன் பெண் இணையரிடமிருந்து பிரித்து வீட்டார் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி இல்லை என்றது. நான் கேட்பது கல்யாணச் சான்றிதழ் இல்லை.

தாழ்வாரம்:
நான் உங்கள் பக்கம்தான், ஆனாலும் இந்தப் பத்திரத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரைத்தான் கட்டும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இணையருக்கு இடமே இல்லை, கல்யாணம் ஆகாத ஆணின் சொத்து முதலில் அம்மாவுக்குத்தான் போகும். பணிக்கொடையும் அப்படித்தான்: சட்டம் சொல்லும் ‘குடும்பம்’ ஒருவருக்கு இருந்தால், வெளியாளை நாமினியாகப் போட்டது செல்லாது. இங்கிலாந்தில் 2005 முதல் பதிந்த இணையருக்கு வாரிசுரிமையே உண்டு, அதைக் கொடுத்தது பத்திரம் இல்லை, சட்டம்.

வேப்பமரம்:
நீங்கள் சொல்வதெல்லாம் செத்த பிறகு நடப்பது. எங்களுக்கு அதற்கு முன்னாலேயே தேவைப்பட்டது. பெண்ணைக் காணோம் என்று என் இணையரின் அப்பா புகார் கொடுத்து, ராத்திரி பதினொரு மணிக்குப் போலீஸ் வந்து கதவைத் தட்டியபோது நீட்டிக் காட்ட எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை, இருவரும் மேஜர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றோம். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அப்படிச் சொன்ன சுஷ்மா வழக்கும் இப்படிக் காணாமல் போனதாகக் கொடுத்த புகாரில் தொடங்கியதுதானே?

தாழ்வாரம்:
சரி, அந்த இடத்தில் பத்திரம் உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வரும்வரை சும்மா இருக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது, கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கி இணையரையே நாமினியாகப் போடலாம். பவர் பத்திரம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், கொடுத்தவர் இறந்ததுமே அது செல்லாது. இருவரும் தனித்தனியாக உயில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, கட்டாயம் இல்லாவிட்டாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பொய்க் கையெழுத்து என்று நாளை வீட்டார் கிளம்பினால் பதிந்த உயில்தான் கைகொடுக்கும்.