காலையில் கத்தும் பெல்ட்: மலைநாட்டு வாகனங்களில் கண்டவை

ஒருவர் கேட்ட கேள்வியும் மற்றவர்கள் எழுதிய பதில்களும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுதியவரின் ஊர் இருக்கிறது.

நுவரெலியா, பெற்றோல் கார்

எஞ்சினின் முன்னால் ஒல்டனேற்றரையும் (பற்றரிக்கு மின்சாரம் கொடுப்பது) ஏசி கொம்ப்ரசரையும் சுழற்றும் ஆறு வரி பெல்ட். ஏழு மாதத்தில் இரண்டு மாற்றியாகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துகிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்குகிறது. கண்ணாடியில் படியும் பனி விலக ஏசி போட்டால் மறுபடி கத்தல். கழற்றிப் பார்த்ததில் ஒரு ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தானாக இறுக்கும் வகை. மூன்றாவது பெல்ட் வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஹட்டன்

அண்ணே, ஒரு ஓரம் மட்டும் பிரிந்தால் குற்றம் பெல்ட்டில் இல்லை. ஏதோ ஒரு கப்பி வரிசை விலகி நிற்கிறது. எத்தனை புது பெல்ட் போட்டாலும் அதே ஓரம்தான் போகும்.

காலையில் கத்துவதற்குக் காரணம் உண்டு. குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், மேலே ஈரம் படிந்திருக்கும். ஸ்டார்ட் செய்தபோது செலவான மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்க, ஒல்டனேற்றர் அந்த முதல் நிமிடங்களில்தான் அதிகம் பாரம் இழுக்கும். ஏசி கொம்ப்ரசர் சேர்ந்தாலும் இதே கதை. நல்ல பெல்ட் இதைத் தாங்கும், பிடிமானம் குறைந்தது வழுக்கும்.

முதலில் தண்ணீர்ச் சோதனை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் உடனே கூடினால் இறுக்கம் போதவில்லை. சத்தம் நின்று, சற்றுப் பொறுத்துத் திரும்ப வந்தால் கப்பி வரிசை சரியில்லை. சட்டைக் கை, கழுத்துத் துணி எதுவும் பக்கத்தில் தொங்கக் கூடாது.

அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு நேரான இரும்புச் சட்டம் ஒன்றைக் கப்பிகளின் முகத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். 30 சென்டிமீற்றர் தூரத்துக்கு 1.5 மில்லிமீற்றருக்கு மேல் விலகல் இருந்தால் அதுதான் ஆள். ரீகண்டிஷன் ஒல்டனேற்றர் மாற்றிய வாகனங்களில் இது அடிக்கடி அகப்படும். கப்பியின் ஆழம் வேறாக இருக்கும், அல்லது பழைய வாஷர் ஒன்று கராஜிலேயே தங்கிவிட்டிருக்கும்.

பலர் பார்க்காமல் விடுவது க்ராங்க் கப்பி, அதாவது எஞ்சினின் க்ராங்க் தண்டில் பூட்டியிருந்து பெல்ட்டை இழுக்கும் கப்பி. அதன் நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் ரப்பர் இருக்கிறது, அதிர்வைக் குடிப்பதற்கு. வயதானால் அந்த ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் தனியே நழுவும், முன்னே பின்னே ஆடவும் செய்யும். நடுவிலிருந்து வெளி வளையம் வரை ஒரே நேர்க்கோடு பெயின்ட்டால் போடுங்கள். மூன்று நான்கு நாள் ஓடிய பின் கோடு உடைந்து விலகியிருந்தால் கப்பி முடிந்தது.

பண்டாரவளை

மேலே சொன்னதோடு டென்ஷனரையும் பாருங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது அதன் கை சிறிதாக அசைவது இயல்பு. துள்ளித் துள்ளி ஆடினால் ஸ்பிரிங்கோ உள் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிய பின் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றுங்கள். கரகரவென்றாலும் பிழை. தட்டிவிட்டதும் நிற்காமல் வெகுநேரம் சுழன்றாலும் பிழை, ஏனென்றால் பெயாரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. தண்ணீர்ப் பம்பைப் பிடித்து முன்பின் ஆட்டுங்கள், ஆட்டமே இருக்கக் கூடாது.

மாற்றும்போது: பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். பழைய பெல்ட் போகும் வழியைக் கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுங்கள், பிறகு நினைவை நம்பினால் ஒரு கப்பியையாவது தலைகீழாகச் சுற்றிவிடுவோம். டென்ஷனரை ஸ்பனரால் திருப்பிப் பிடித்து பெல்ட்டை உருவுங்கள், டென்ஷனரின் கையை மெல்லத் திரும்ப விடுங்கள், ஸ்பிரிங் விரலை நசுக்கும். கப்பிகளின் பள்ளங்களில் படிந்த ரப்பர்த் தூளையும் தோட்டத்து ரோட்டுச் சேற்றையும் கம்பித் தூரிகையால் எடுத்துத் துடைக்க வேண்டும். அந்தத் தூளோடு புது பெல்ட் போட்டால் முதல் நாளே சத்தம் வரும். விளிம்பில்லாத மழமழப்பான கப்பியைக் கடைசிக்கு வைத்து அதன் மேல் பெல்ட்டை நழுவ விடுவது சுலபம். பூட்டிய பின் எல்லாக் கப்பியிலும் ஆறு வரியும் ஆறு பள்ளத்தில் இருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வரி வெளியே நின்றால் பத்து கிலோமீற்றருக்குள் அந்த வரி சீவப்பட்டுவிடும்.

நாவலப்பிட்டி, பழைய டீசல் வேன்களும் லொறிகளும்

இங்கே இன்னும் வீ பெல்ட்தான் (பல வரி இல்லாத, V வடிவ ஒற்றைப் பெல்ட்) அதிகம், ஒல்டனேற்றரை நகர்த்தித்தான் இறுக்க வேண்டும். கீழ் போல்ட்டை இளக்கி, மேல் பூட்டு போல்ட்டை இளக்கி, பிறகுதான் சரிசெய்யும் போல்ட்டைத் திருப்ப வேண்டும். இளக்காமல் திருப்பினால் மரை போய்விடும். நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் பத்து கிலோ அளவுக்கு அழுத்தினால் சுமார் 10 மில்லிமீற்றர் அமிழ வேண்டும், சரியான அளவு அந்த வாகனத்தின் கையேட்டில் இருக்கும். டொயோட்டா கையேடுகள் ஐந்து நிமிடம் ஓடாத பெல்ட்டைத்தான் புதியது என்று கணக்கெடுக்கும், அதற்கு இறுக்கம் கூடுதல். ஆகவே பூட்டி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். கத்தக் கூடாதென்று அளவு மீறி இறுக்கினால் ஒல்டனேற்றர், தண்ணீர்ப் பம்பு இரண்டின் பெயாரிங்கும் சீக்கிரம் போகும்.

வீ பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்கும். கப்பிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தேய்ந்தது, அல்லது அகலம் பிழை. இரண்டு பெல்ட் சேர்ந்து ஓடும் எஞ்சினில் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது நீண்டிருப்பதால் பாரம் முழுவதும் புதியதன் தலையில் விழும்.

இப்போது சொல்லப்போவதை மலை ரோட்டில் ஓடும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். டொயோட்டா 2எல், 3எல் போன்ற எஞ்சின்களில் பிரேக் மிதியை இலகுவாக்கும் சர்வோவுக்கான வெக்யூம் பம்பு (காற்றை உறிஞ்சும் பம்பு) ஒல்டனேற்றரின் முதுகில் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் பற்றரி லைட் எரிவதோடு முடிவதில்லை. சர்வோவில் மிச்சமுள்ள வெக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கட்டை போல் இறுகும். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும்போதோ, நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போதோ இது நடந்தால் பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். தாழ்ந்த கியருக்கு இறக்கி, ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். பவர் ஸ்டியரிங்கும் அதே பெல்ட்டில் இருந்தால் வளைவில் ஸ்டியரிங் கனக்கும், இரு கையும் வேண்டும். அந்த வெக்யூம் பம்பின் எண்ணெய்க் குழாய் ஒழுகினால் நேரே பெல்ட்டில்தான் சொட்டும். எண்ணெய் குடித்து ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை, ஒழுக்கை நிறுத்தி பெல்ட்டை மாற்றுங்கள்.

ஏறும்போது அறுந்தால் வேறு ஆபத்து. தண்ணீர்ப் பம்பு நின்றதும் எஞ்சினுக்குள் தண்ணீர் அசையாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேற்றர் மூடி அழுத்தத்தைப் பிடிப்பதால்தான் நம் வாகனங்கள் தப்புகின்றன. மூடி தளர்ந்த வாகனத்தில் பெல்ட்டும் போனால் எஞ்சின் ஹெட் வளைய அதிக நேரம் தேவையில்லை. உடனே நிறுத்துங்கள், சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள்.

வெலிமடை

வாங்கும்போது: பெல்ட்டின் முதுகில் 6பி.கே. 1230 என்பது போல் இருக்கும். ஆறு வரி, நீளம் 1230 மில்லிமீற்றர். ஐந்து மில்லிமீற்றர் நீளமானதைக் கொடுத்து “சரியாகும்” என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள், டென்ஷனர் எல்லை வரை போய் நிற்கும். பழைய பெல்ட் கொஞ்சம் நீண்டிருக்கும், அதை அளக்காமல் முதுகில் உள்ள இலக்கத்தை நம்புங்கள்.

“வெடிப்பு இல்லையே, நல்லதுதான்” என்பது பழைய நியோபிரீன் ரப்பருக்குப் பொருந்திய பேச்சு. இப்போது வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் பெரும்பாலும் வெடிக்காது, ரயர் போலத் தேயும். வரிகளுக்கு இடையிலான பள்ளம் அகன்று ஆழமாகும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பெல்ட்டே வழுக்கும். புதியதைப் பக்கத்தில் வைத்துப் பள்ளங்களை ஒப்பிட்டால் புரியும்.

சவர்க்காரம், மெழுகு, ஸ்பிரே எதையும் பெல்ட்டில் தேய்க்காதீர்கள். சத்தம் ஒரு நாள் நிற்கும், பிறகு தூசு ஒட்டிப் பசையாகும். எச்சரிக்கைச் சத்தத்தையே அணைத்துவிடுகிறோம்.

மேலதிக பெல்ட் ஒன்றும் அதற்கான ஸ்பனரும் டிக்கியில் இருக்கட்டும். கூர்மையாக மடிக்காமல் வளையமாகச் சுருட்டி வையுங்கள்.

கினிகத்தேனை

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு: மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் அக்குவாவிலும் இந்த பெல்ட்டே கிடையாது, தண்ணீர்ப் பம்பும் ஏசி கொம்ப்ரசரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. ஐ.எஸ்.ஜி. (ஸ்டார்டரும் ஒல்டனேற்றரும் ஒன்றான மோட்டார்) உள்ள வேகன்ஆரில் நேர்மாறு. சந்தியில் நின்ற எஞ்சினை மறுபடி கிளப்புவதே பெல்ட்தான், இழுவை இரு பக்கமும் மாறி மாறி விழும். அதற்கென்று குறித்த பெல்ட்டைத்தான் போட வேண்டும், அளவு ஒத்த சாதாரணமானதைப் போடாதீர்கள்.

நுவரெலியா, பெற்றோல் கார்

தண்ணீர் தெளித்ததும் சத்தம் நின்று திரும்ப வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு க்ராங்க் கப்பியில் போட்ட கோடு இரண்டு விரல் அகலம் விலகியிருக்கிறது. வெளி வளையம் எஞ்சின் பக்கமாக 2 மில்லிமீற்றர் உள்ளே போயிருக்கிறது. பெல்ட்டின் பிரிந்த ஓரமும் அதே பக்கம். கப்பிக்குச் சொல்லியாகிவிட்டது.

ஹட்டன்

கப்பியைக் கழற்றும் நேரத்தில் அதன் பின்னாலுள்ள க்ராங்க் ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள் அண்ணே. அது கசிந்தால் எண்ணெய் நேரே புது பெல்ட்டில்தான் தெறிக்கும். நடு போல்ட்டை டோர்க் ஸ்பனரால் கையேட்டு அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள், காற்றுத் துப்பாக்கியால் அடித்து விட விடாதீர்கள்.